மடியில் 40 என்றால் கடலில் 40 இருக்குமா?
இறால் வலையின் கண்ணிக் கணக்கு

பாக் நீரிணைக் கரையில் மண்டபம், ராமேஸ்வரம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று எந்த இறங்குதளத்துக்குப் போனாலும் விடிகாலைக் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் காலையில் கடலுக்குப் போன விசைப்படகுகள் வரிசையாகக் கரை சேர்கின்றன. முதலில் இறங்குவது இறால். அதற்கென்று வியாபாரி ஐஸ் பெட்டியோடு காத்திருக்கிறார். அடுத்து நண்டும் கணவாயும், பிறகு வீட்டுச் சமையலுக்குப் போகும் மீன்கள். எல்லாம் இறங்கிய பிறகும் படகின் தளத்தில் ஒரு குவியல் மிச்சமிருக்கும். விரல் நீளக் காரல், இன்னும் நிறம்கூட ஏறாத நவரைக் குஞ்சு, தும்பிலிக் குஞ்சு, கால் உடைந்த நண்டு, பொடி இறால் எல்லாம் ஒன்றாக நசுங்கிக் கிடக்கும். இந்தக் கரைகளில் அதற்குச் ‘சங்காயம்’ என்று பெயர்.

சங்காயத்தை யாரும் கூடையில் எடுத்துத் தலையில் சுமப்பதில்லை. மண்வெட்டியால் வாரிப்போடுகிறார்கள். அது காய்ந்து, மீன்தூள் ஆலைக்குப் போய், கோழித் தீவனமாகவும் வளர்ப்பு இறால் தீவனமாகவும் மாறுகிறது. கோழி வளர்க்கும் விவசாயிக்கும், மீன் அமிலம் தயாரிக்கக் கழிவு மீன் தேடி அலையும் விவசாயிக்கும் கடலோடு உள்ள தொடர்பு இந்தக் குவியல் வழியாகத்தான். கிலோ சில ரூபாய்க்குப் போகிற இந்தக் குவியலில் பெரும்பங்கு, ஓர் ஆண்டு கடலில் இருந்திருந்தால் பல மடங்கு விலைக்குப் போயிருக்க வேண்டிய மீன். விதைநெல்லைக் கோழிக்குப் போடுவதும் இதுவும் ஒன்றுதான்.

‘சின்ன மீனைப் பிடிக்காதே’ என்று சொல்வது சுலபம். ஆனால், இழுவலை தூண்டில் இல்லை; எதைப் பிடிப்பது என்று ஓட்டுநர் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்வைச் செய்வது வலையின் கடைசிப் பை. அந்தப் பையின் கண்ணி எவ்வளவு பெரியது, எந்த வடிவில் இருக்கிறது, எந்த நூலால் ஆனது என்பதெல்லாம் சேர்ந்துதான் எது கரைக்கு வரும், எது கடலிலேயே தப்பும் என்பதைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் இழுவலையின் கடைசிப் பைக்கு 40 மி.மீ. கண்ணி என்பது விதி. 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இது வருகிறது. 20, 25 மி.மீ. கண்ணியுள்ள பைகள் கரையில் அரிதல்ல என்பது வேறு கதை. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. 40 மி.மீ. என்று வாங்கிக் கட்டிய நேர்மையான படகிலும் ஏன் பொடி மீன் குவிகிறது?

தொங்கும் வலைப்பையில் இருக்கிறது விடை!

எலுமிச்சம்பழம், பூண்டு கட்டித் தரும் மெல்லிய வலைப்பை எல்லா வீட்டிலும் இருக்கும். காலியாகத் தரையில் விரித்தால் அதன் கண்கள் நன்றாகத் திறந்திருக்கும். பழத்தைப் போட்டு ஆணியில் மாட்டினால், பழம் இருக்கும் இடத்தில் மட்டும் கண்கள் விரிந்திருக்கும். அதற்கு மேலே உள்ள பகுதி முழுக்கக் கயிறுபோல் இறுகிக் கண்கள் கோடாகிவிடும். இழுவலையின் கடைசிப் பைக்குக் கடலில் நடப்பது இதேதான். ஆணிக்குப் பதிலாக முன்னால் படகு இழுக்கிறது. பழத்துக்குப் பதிலாகப் பின்னால் மீன் கனக்கிறது.

கணக்காகப் பார்ப்போம். 40 மி.மீ. கண்ணி என்றால், கண்ணியை நீளவாக்கில் இழுத்துப் பிடிக்கும்போது எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 40 மி.மீ. அதாவது நான்கு பக்கங்களும் தலா 20 மி.மீ. இந்த நான்கு பக்கங்களும் நேர்ச் சதுரமாக நின்றால் திறப்பின் பரப்பு 20 × 20 = 400 சதுர மி.மீ. ஆனால், வழக்கமான வலையில் கண்ணி சாய்சதுரமாகத்தான் கட்டப்படுகிறது. பட்டத்தை நிமிர்த்திப் பிடித்தது போல அதன் கூர்முனை இழுக்கும் திசையில் இருக்கும். இழுவை விழுந்தவுடன் அது நீண்டு ஒடுங்குகிறது. அகலம் 8 மி.மீ. ஆகும் அளவுக்கு ஒடுங்கினால், நீளம் 39 மி.மீ. சொச்சம் இருந்தாலும் பரப்பு சுமார் 157 சதுர மி.மீ.தான். பாதிகூட இல்லை. 8 மி.மீ. இடுக்கில் விரல் பருமனுள்ள மீன் எப்படி வெளியேறும்?

மீன் சேரச் சேரப் பை ஊதுகிறது. அந்த ஊதலுக்குச் சற்று முன்னால் உள்ள சில வரிசைக் கண்ணிகள் மட்டும் விரிகின்றன. சாய்சதுரக் கண்ணிப் பையில் தப்பிக்கும் மீன்களில் பெரும்பாலானவை அந்தக் குறுகிய வளையம் வழியாகத்தான் தப்புகின்றன. மணிக்கு இரண்டு, மூன்று கடல் மைல் வேகத்தில் சில மணி நேரம் நீந்திக் களைத்த மீனுக்கு அந்த வளையத்தைத் தேடிப் பிடிக்கத் தெம்பு இருப்பதில்லை. பை நிறைந்து பின்பகுதியில் கும்பல் அடைத்துவிட்டால், அதன் நடுவில் மாட்டியதற்கு எந்தக் கண்ணியும் எட்டாது.

கண்ணியைத் திருப்பினால் போதும்

இதற்கு மாற்றாக உலகமெங்கும் சோதிக்கப்பட்டது சதுரக்கண்ணி. வலைத்துணியை 45 பாகை திருப்பி, கண்ணியின் இரண்டு பக்கங்கள் இழுக்கும் திசைக்கு நேராகவும் மற்ற இரண்டு பக்கங்கள் குறுக்காகவும் வரும்படி வெட்டித் தைப்பதுதான் சதுரக்கண்ணிப் பை. இழுவையின் பாரம் நேராக ஓடும் நூல்களில் இறங்குகிறது. குறுக்கு நூல்கள் இடத்தில் நிற்பதால் கண் மூடுவதில்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் (சிஃப்ட்) நீண்ட காலமாக இதைப் பரிந்துரைத்து வருகிறது.

இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. சோதிக்க வேண்டிய பையின் மேல் இன்னும் பொடியான கண்ணியுள்ள உறைவலை ஒன்றைத் தொளதொளவென்று போர்த்துகிறார்கள். பையிலிருந்து தப்பியதெல்லாம் உறையில் சிக்கும. கரைக்கு வந்ததும் இரண்டிலும் உள்ளவற்றை நீளவாரியாக எண்ணுகிறார்கள். எந்த நீளத்தில் பாதி பைக்குள்ளும் பாதி உறையிலும் இருக்கிறதோ, அதுதான் அந்தப் பையின் ‘பாதிக்குப் பாதி நீளம்’. இனம் முதல்முறை முட்டையிடும் நீளத்தைவிட இந்த நீளம் குறைவாக இருந்தால், அந்த வலை முட்டையிடாத மீனை வாரிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றும் அந்த எண்ணிக்கையில் தெரியும். எள்ளைச் சலிக்கிறபோது நல்ல சல்லடை என்றால் பொடி முழுக்கக் கீழே போகும். எள் முழுக்க மேலே நிற்கும். கம்பி வளைந்த சல்லடையில் கொஞ்சம் எள்ளும் போகும், கொஞ்சம் பொடியும் நிற்கும். சாய்சதுரக் கண்ணி, கம்பி வளைந்த சல்லடை. ஓரிடத்தில் கண் விரிந்தும் ஓரிடத்தில் மூடியும் இருப்பதால் அதன் பிரிப்பு மழுங்கலாக இருக்கும். சதுரக்கண்ணியில் எல்லாக் கண்ணும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால் பிரிப்பு கூர்மையாகும்.

ஆனாலும் சதுரக்கண்ணி எல்லா மீனுக்கும் சமமாக உதவாது. தும்பிலி, நவரை போல் உருண்டு நீண்ட உடம்புள்ள மீன்களுக்குச் சதுர ஓட்டை பொருத்தம். தட்டையாகவும் உயரமாகவும் இருக்கிற காரல் போன்ற மீனுக்குச் சற்றே விரிந்த சாய்சதுர இடுக்குதான் உடம்பு வாகுக்கு ஒத்துப்போகும். பாக் நீரிணையில் காரல் அதிகம். அதனால், ஒரு கடலில் நல்ல பலன் தந்த பை இன்னொரு கடலிலும் அதே பலன் தரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

சதுரக்கண்ணிக்கு வேறொரு சிக்கலும் உண்டு. முடிச்சுப் போட்ட சாதாரண வலையைத் திருப்பித் தைத்தால், பாரம் விழும்போது முடிச்சுகள் நழுவிச் சதுரம் கோணலாகிவிடும். பின்னலிலேயே பிணைந்த முடிச்சில்லா வலைத்துணி இதற்கு ஏற்றது. அது விலை கூடுதல். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. முடிச்சு நழுவிய ஒரு பையைப் பார்த்துவிட்டு, சதுரக்கண்ணி உதவாது என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அவர்கள் ஒதுக்க வேண்டியது அந்தத் துணியைத்தான்.

செலவு குறைந்த வழி ஒன்று பால்டிக் கடலில் காட் மீன் பிடிப்பில் நடைமுறைக்கு வந்தது. இருக்கிற முடிச்சு வலைத்துணியையே 45 பாகைக்குப் பதிலாக 90 பாகை திருப்பித் தைப்பது. கண்ணி சாய்சதுரமாகவேதான் இருக்கும். ஆனால், முடிச்சின் பருமன் இப்போது கண்ணியை மூடவிடாமல் குறுக்கே நிற்கும். எந்தப் பக்கம் இழுத்தால் வலை இறுகும், எந்தப் பக்கம் இழுத்தால் இறுகாது என்பது வலை கட்டும் கைக்கு எப்போதுமே தெரியும். அந்த அறிவைத்தான் இங்கே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பனிச்சங்காய்ச் சாறு முதல் பாலித்தீன் வரை

கண்ணியின் அளவைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் நூலைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கேதான் கணக்கு தப்புகிறது.

தாத்தா காலத்து வலைகள் பருத்தி, சணல் நூலால் ஆனவை. தண்ணீரில் மட்கும் என்பதால் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துக் காய வைப்பார்கள். அந்தத் துவர்ப்பு நூலைக் காக்கும். செயற்கை இழைகள் வந்த பிறகு அந்த வேலை ஒழிந்தது. இன்று கடற்கரையில் இரண்டு பொருள்களே பிரதானம். செவுள் வலை, அதாவது மீன் தலையை நுழைத்துச் சிக்கும் வலை, பெரும்பாலும் நைலான். இழுவலை பெரும்பாலும் பாலித்தீன்.

இரண்டும் தண்ணீரில் நடந்துகொள்ளும் விதம் வேறு. நைலான் கடல்நீரைவிடக் கனமானது, மூழ்கும். கொஞ்சம் நீரை உறிஞ்சும், நனைந்ததும் மிருதுவாகும், இழுத்தால் நீளும். பாலித்தீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். நீரை உறிஞ்சாது, விறைப்பாக இருக்கும், தரையில் உரசினாலும் தாங்கும், விலையும் மலிவு. தரையோடு உரசிப்போகும் இழுவலைக்குப் பாலித்தீன் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

கண்ணி ஒரே அளவாக இருந்தாலும், மிருதுவான நூலில் மீன் முட்டித் திமிறினால் கண் சற்று இளகிக் கொடுக்கும். விறைத்த நூலில் இளகாது. மீன் தன் உடம்பைத்தான் இளக்க வேண்டும். வடகிழக்கு அட்லாண்டிக்கில் ஒரு காலத்தில் வலையின் மூலப்பொருளைப் பொறுத்து வெவ்வேறு குறைந்தபட்சக் கண்ணி அளவு வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். நைலானுக்கு ஓர் அளவு, பாலித்தீன் போன்றவற்றுக்கு அதைவிடப் பெரிய அளவு.

பொருளைவிட முக்கியமானது நூலின் பருமன். கடைசிப் பைதான் அதிகப் பாரம் தாங்குகிறது, அதிகம் தேய்கிறது. எனவே, படகுக்காரர் அங்கே பருத்த நூலைத் தேர்ந்தெடுக்கிறார். சிலர் இரட்டை நூல் போடுகிறார்கள். ஒரு பை கிழிந்தால் ஒரு நாள் பாடும் போய்விடும் என்கிற பயம் நியாயமானது. ஆனால், நூல் பருக்கப் பருக்க முடிச்சும் பருக்கிறது. கடைக்காரர் முடிச்சின் நடுவிலிருந்து நடுவுக்கு 40 என்று அளந்து கொடுத்தது, உள்வாயில் முடிச்சின் பருமன் கழிந்து 35, 36 ஆகிவிடும். கூடவே விறைப்பும் சேர்வதால் கண்ணி விரிய மறுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் கண்ணி அளவோடு நிறுத்தாமல் கடைசிப் பையின் நூல் பருமனுக்கும், பையின் சுற்றளவில் எத்தனை கண்ணி இருக்கலாம் என்பதற்கும் உச்ச வரம்பு வைத்தது இதனால்தான். கண்ணியின் நீளத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் சோதனை, பாதிச் சோதனை.

சுற்றளவு விஷயமும் அப்படியே. ஒரே அகலமுள்ள பையில் 100 கண்ணி இருக்க வேண்டிய இடத்தில் 150 கண்ணியைச் சேர்த்துக் கட்டினால், ஒவ்வொரு கண்ணிக்கும் கிடைக்கும் இடம் குறைந்து கொசுவம் வைத்த சேலை மாதிரி மடிந்து கிடக்கும். அளந்தால் 40; மீனுக்கு அது சுவர். ஒரு பைக்கு மேல் இன்னொரு பை போட்டாலும், தேய்மானத்துக்கென்று அடியில் மட்டும் கட்ட வேண்டிய பழைய வலையைச் சுற்றிலும் போர்த்தினாலும் இதே கதிதான். இரண்டு 40 மி.மீ. கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று விலகி உட்கார்ந்தால் கிடைக்கும் ஓட்டை 20-கூட இருக்காது.

மெல்லிய நூலில் அதே பலம் கிடைக்க வழி இருக்கிறது. உயர்வலிமைப் பாலித்தீன் இழைகள் இப்போது சந்தையில் உள்ளன. அவை வலையின் இழுவைத் தடையைக் குறைப்பதால் டீசலும் மிச்சமாகும். விலைதான் சாதாரண நூலைவிடப் பல மடங்கு. முழு வலைக்கும் வேண்டாம், கடைசிப் பைக்கு மட்டும் என்று யோசித்தால் கணக்குக் கைக்கு எட்டலாம்.

‘இறாலும் போய்விடுமே!’

இந்தப் பேச்சை எந்த இறங்குதளத்தில் எடுத்தாலும் வருகிற முதல் மறுப்பு இதுதான். அது வெறும் சாக்கு அல்ல. ஒரு நடைக்குப் போய்வர ஆகும் டீசல், ஐஸ், ஆள்படி எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துவது இறால் மட்டுமே. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல்; மீதி நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கிடைக்கிற நாளில் இறால் தப்பினால் வட்டி கட்ட முடியாது.

இறாலின் உடம்பு சின்னது. பெரிய இறாலை நிறுத்துகிற கண்ணி, அதே பருமனுள்ள மீன்குஞ்சையும் நிறுத்தத்தான் செய்யும். மீன்குஞ்சு முழுக்கத் தப்பும்படி கண்ணியைப் பெரிதாக்கினால் விற்கிற இறாலும் சேர்ந்து தப்பும். கண்ணி அளவை மட்டும் வைத்து இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. இறால் இழுவலை உலகெங்கும் கெட்ட பெயர் வாங்கியது இதனால்தான். உணவு, வேளாண்மை நிறுவனம் 2005-ல் வெளியிட்ட கணக்கில், உலகில் ஆண்டுக்குக் கடலில் கொட்டப்படும் மீன் சுமார் 73 லட்சம் டன். அதில் 27 சதவிகிதத்துக்கு மேல் வெப்பமண்டல இறால் இழுவலையின் பங்கு. பாக் நீரிணையில் கொட்டுவதில்லை, சங்காயமாக விற்கிறார்கள். கடலுக்கு நட்டம் ஒன்றுதான்.

முடிச்சை அவிழ்க்க உதவுவது இறாலின் குணம். மீன் கண்ணால் பார்த்து நீந்தும். வலைக்குள் வந்தாலும் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் வழி தேடும். இறால் அப்படி இல்லை. வாலை அடித்து ஒரு துள்ளல் துள்ளும், பிறகு நீரோட்டம் தள்ளுகிற பக்கம் போகும். ஆகவே, பையின் மேற்பக்கத்தில் மட்டும் சதுரக்கண்ணியால் ஒரு ஜன்னல் வைத்தால் மீன்குஞ்சு அதன் வழியாக மேலே ஏறித் தப்பும். இறால் அடிப்பக்கமாக உருண்டு கடைசிக்குப் போய்ச் சேரும். முழுப் பையையும் மாற்றத் தயங்குகிறவர்களுக்கு இந்த ஜன்னல் நல்ல தொடக்கம்.

நார்வேயில் இதையே வேறு விதமாகத் தீர்த்தார்கள். அங்கே இறால் மீனவர்களுக்குப் பெரிய தொல்லை ஜெல்லி மீன். வலைக்குள் சொதசொதவென்று நிறைந்துவிடும். நூர்மோர் பகுதியில், ஜெல்லியை ஒதுக்குவதற்காகப் பைக்கு முன்னால் சாய்வாக ஒரு கம்பித் தட்டி வைத்தார்கள். இறால் கம்பி இடுக்கு வழியாக உள்ளே போகும். பெரியது தட்டியில் சறுக்கி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியே போகும். ஜெல்லி போனதோடு மீனும் போனது. 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டு இறால் பிடிப்பில் அது கட்டாயமாக்கப்பட்டது. கம்பிகளுக்கு இடையே 19 மி.மீ. இடைவெளி. ஆராய்ச்சிக்கூடம் அதை மெருகேற்றியது உண்மை. தொடங்கியது மீனவரின் எரிச்சல்.

நார்வே மீனவருக்குப் பெரிய மீன் வேண்டாம். நம் மீனவருக்குப் பெரிய மீனும் வேண்டும். சிஃப்ட் விஞ்ஞானிகள் வடிவமைத்த மீன்குஞ்சு விலக்கி-இறால் பிரிப்பான் கருவி இந்தத் தேவையைக் கணக்கில் எடுத்தது. அதில் தட்டிக்குப் பின்னால் ஒன்றுக்கு இரண்டு பை. இறால் தட்டியைத் தாண்டிக் கீழ்ப்பைக்குப் போகிறது. மீன் மேல்பைக்குப் போகிறது. மேல்பையின் கண்ணி பெரிது என்பதால் வளர்ந்த மீன் நிற்க, குஞ்சு வெளியேறுகிறது. இறாலும் மீனும் தனித்தனியாக வருவதால் தளத்தில் உட்கார்ந்து பொறுக்கும் வேலை குறைகிறது. இறால் நசுங்குவதும் குறைகிறது. 2005-ல் இது சர்வதேச மீன்பிடிக் கருவிப் போட்டியில் பரிசும் வாங்கியது. பரிசு வாங்கிய வேகத்தில் படகுகளுக்கு வந்து சேரவில்லை. தட்டியைத் தளத்தில் ஏற்றி இறக்குவது சிரமம், குப்பை அடைத்தால் பிடிப்பு போகும் என்கிற தயக்கம் இன்னும் இருக்கிறது. அந்தத் தயக்கத்தைத் தீர்க்க ஒருவர் படகில் ஏறி நான்கு நடை கூடவே வர வேண்டும். துண்டுப் பிரசுரம் போதாது.

ஆமை விலக்கிக் கருவியின் கதை இதைவிடக் கடுமை. ஆமை தப்பும் வழி இல்லாத இழுவலையில் பிடித்த இறாலை வாங்குவதில்லை என்ற அமெரிக்கச் சட்டப்படி, 2019-ல் இந்தியாவின் கடல் இறாலுக்கு அந்தச் சந்தை மூடப்பட்டது. பண்ணையில் வளர்த்த இறாலுக்கு அந்தத் தடை இல்லை. வலையில் என்ன வைத்தோம் என்பது சட்டக் கேள்வி மட்டுமல்ல, விலைக் கேள்வியும்கூட என்பதற்கு இது நேரடிச் சான்று.

விட்டால் யாருக்கு?

இறால் கிலோவுக்கு எத்தனை என்கிற ‘கவுன்ட்’ வைத்துத்தான் விற்கிறது. 10 கிராம் இறால் என்றால் கிலோவுக்கு 100. 25 கிராம் என்றால் 40. பொடி இறால் 1,000 தப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று பிடித்திருந்தால் 10 கிலோ. அது 25 கிராம் ஆவதற்குள் 400 இறாலை மீனும் நோயும் தின்றுவிட்டன என்றே கொண்டாலும், மீதி 600 இறால் 15 கிலோ. எடை ஒன்றரை மடங்கு; கிலோ விலையோ 100 கவுன்ட்டுக்கும் 40 கவுன்ட்டுக்கும் பக்கத்தில்கூட நிற்காது. இறால் ஒன்றும் தென்னை இல்லை, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க. வெள்ளை இறால் கழிமுகத்திலும் வரி இறால் கடற்புல் திட்டிலும் சில மாதம் வளர்ந்து கடலுக்கு வந்துவிடும்.

ஆனால், வயலில் விதைத்தவர்தான் அறுப்பார். கடலில் அப்படி இல்லை. ஒருவர் பெரிய கண்ணி போட்டு விட்டதை அடுத்த படகு சின்னக் கண்ணியில் வாரிக்கொள்ளும். ‘நான் மட்டும் ஏன்?’ என்கிற கேள்விக்குத் தனிமனிதரின் நல்லெண்ணம் பதிலாகாது. ஏரிப் பாசனத்தில் மடையைத் திறக்கும் முறை ஊர்க்கட்டுப்பாடாக இருப்பதுபோல், ஒரு துறைமுகத்தின் சங்கம் முழுக்க ஒரே நாளில் பையை மாற்றினால்தான் இது நிற்கும். கேரளம் இன்னொரு முனையிலிருந்து பிடித்தது. 2015 முதல் மீன் இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளம் அறிவித்து, அதற்குக் குறைவான மீனைக் கரை இறக்கத் தடை போட்டது. கரையில் விற்க முடியாததைக் கடலில் பிடிக்க யாருக்கும் ஆசை வராது என்பது கணக்கு. மீன்தூள் ஆலை பொடி மீனுக்கு நல்ல விலை கொடுத்துக்கொண்டிருக்கும் வரை, எந்தக் கண்ணி விதியும் நொண்டிக்கொண்டுதான் நடக்கும்.

நாட்டுப்படகுக்காரர்களின் குரல் இதில் தனி. அவர்கள் செவுள் வலையில் பிடிக்க வேண்டிய மீன்தான் குஞ்சாகச் சங்காயத்தில் போகிறது. பாக் நீரிணையின் மறுகரையில் இருக்கும் தமிழ் மீனவர்களின் மனக்குறையும் இழுவலைமேல்தான். இலங்கை 2017-ல் அடிமட்ட இழுவலையைச் சட்டப்படி தடை செய்தது. சதுரக்கண்ணி போட்டாலும் தரையை உழுகிற சங்கிலியும் பலகையும் அப்படியேதான் இருக்கும். கண்ணி குஞ்சைக் காப்பாற்றும், கடற்புல்லைக் காப்பாற்றாது.

வலையை அளக்கும் முறை

தடைக்காலத்தில் படகு கரையில் இருக்கும்போதே இதைப் பார்த்துவிடலாம். வலையை முதலில் கடல்நீரில் நன்றாக நனைக்க வேண்டும். கடைசிப் பையில், தைத்த ஓரங்களையும் வாய்க் கயிற்றையும் விட்டு, நடுப்பகுதியில் நீளவாக்கில் தொடர்ச்சியாகப் பத்துக் கண்ணிகளை இழுத்துப் பிடித்து, முதல் முடிச்சின் நடுவிலிருந்து கடைசி முடிச்சின் நடுவரை அளந்து பத்தால் வகுத்தால் கடைக்காரர் சொன்ன அளவு வரும். பிறகு ஒரே ஒரு கண்ணியின் உள்வாயை, முடிச்சின் உள்விளிம்பிலிருந்து எதிர் முடிச்சின் உள்விளிம்பு வரை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நூல் தின்ற பங்கு. இப்படி இருபது கண்ணிகளை வெவ்வேறு இடங்களில் அளந்து சராசரி எடுப்பது நல்லது. பழைய பையில் இடத்துக்கு இடம் அளவு மாறியிருக்கும்.

அதன்பின் பையைத் தூக்கி ஒரு கிளையிலோ படகின் கம்பத்திலோ தொங்கவிட்டு, அடியில் மணல் மூட்டை ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். மூட்டைக்கு மேலே இருக்கும் கண்ணிகளில் விரலை விட்டால் எத்தனை விரல் நுழைகிறது என்பதை வைத்தே, புதுப் பை வாங்கும்போது கடைக்காரரிடம் 40 மி.மீ. என்று மட்டும் கேட்பதா, நூல் எத்தனை மி.மீ., முடிச்சு உண்டா இல்லையா, சுற்றளவில் எத்தனை கண்ணி என்றும் சேர்த்துக் கேட்பதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.